பத்தொன்பதாம் கட்டம்

எங்கள் அலுவலகத்தில் மூன்றாம் சன்னல் பிறப்பு, நான்காம் சன்னல் இறப்பு. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதன் அடியில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. மூன்றில் கோடக்கா, நான்கில் நான். ஸ்டேப்ளர், பசை, பிஸ்கட், வம்பு எல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் போய்வரும். என் சன்னலுக்கு வருகிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். அதனால் பக்கத்துச் சன்னலில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. இதை ஒட்டுக்கேட்பது என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். காது என்று ஒன்று இருந்தால் அது கேட்கத்தானே செய்யும்?

கோடக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். பிறப்புப் பதிவேட்டில் ஒரு குழந்தைக்கு இருபது கட்டங்கள். எல்லாருக்கும் எல்லாக் கட்டமும் நிரம்பாது. நிரம்பாத கட்டத்தை மற்ற ஊழியர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள். அக்கா விடமாட்டார். இரும்பு ஸ்கேலை வைத்து, கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு ஒரு கோடு இழுத்து, அதன் நுனியில் கொசு அளவுக்கு ஒரு கையெழுத்துப் போடுவார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அவர் காலியாக விட்ட ஒரு கட்டத்தில் வேறு யாரோ ஒரு பெயரை எழுதிவிட்டார்கள். விசாரணை மூன்று மாதம் நடந்தது. அக்கா மேல் தப்பில்லை என்று கடைசியில் சொன்னார்கள். ஆனால் அந்த மூன்று மாதத்தில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அன்று பிடித்த ஸ்கேல்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பதிவேட்டுக்கு ஒரு திருத்தச் சீட்டுகூட வந்ததில்லை. வீட்டில் கடைக்குப் போகும் சீட்டு எழுதினாலும் கடைசிச் சாமானுக்குக் கீழே கோடு போட்டுவிடுவாராம். பேக்கரியில் வேலை பார்க்கும் அவர் கணவர் ஒருமுறை என்னிடம் புலம்பினார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அக்கா கொடுத்த வாழ்த்து அட்டையில் மிச்சமிருந்த வெள்ளை இடத்துக்கும் கோடு போட்டிருந்தாராம்.

அக்காவின் இன்னொரு குணம், வாய். கேள்வி கேட்காமல் அவரால் இருக்க முடியாது. இரட்டைக் குழந்தையா? எது முதலில் வந்தது, எத்தனை நிமிட வித்தியாசம், எதற்கு முடி அதிகம்? இந்தப் பெயரை யார் வைத்தது, மாமியாருக்குச் சம்மதமா? இதில் எதற்கும் பதிவேட்டில் கட்டம் கிடையாது. வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அக்கா கண்டுகொள்ள மாட்டார். வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கை அதுபாட்டுக்கு எழுதும், ஸ்கேலை எடுக்கும், கோடு போடும். கையும் வாயும் இரண்டு ஆட்கள்போல வேலை செய்யும். நான் சொல்லப்போகும் தப்பு அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த தப்பு.

ஒருநாள் காலை இரண்டு பெண்கள் பன்னிரண்டு நாள் குழந்தையோடு மூன்றாம் சன்னலுக்கு வந்தார்கள். குழந்தை கட்டடமே இடிந்து விழுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. ஒருத்தி நல்ல உடம்புக்காரி, சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். லாண்டரியில் வேலை என்று பிறகு தெரிந்தது. இன்னொருத்தி ஒல்லி. வெளிநாட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.

"யாரு குழந்தையோட அம்மா?" என்றார் அக்கா.

"நான்தான்" என்றார்கள் இருவரும்.

உடனே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்ல, இவதான்" என்றாள் ஒருத்தி. "இல்ல, அண்ணிதான்" என்றாள் மற்றவள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். ஒல்லியானவள் நாத்தனார். லாண்டரிக்காரி அவளுடைய அண்ணன் மனைவி. நாத்தனாருக்குக் கட்டி வந்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சினைப்பை நல்லபடியாக இருந்தது. முட்டை உண்டு, வைத்து வளர்க்க இடமில்லை. அண்ணி, "என்கிட்ட இடம் இருக்கு, வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாள். ஏதோ பெட்டி வைக்க இடம் கொடுப்பதுபோல.

"எப்படிம்மா வெச்சாங்க? வலிச்சுதா?" என்று அக்கா முன்னால் சாய்ந்தார். கை அதற்குள் மூன்றாம் கட்டத்தில் பிறந்த தேதியை எழுதிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் பெருசா இல்லக்கா. இவதான் பத்து நாள் தினம் ஊசி குத்திக்கிட்டா, முட்டை நிறைய வர்றதுக்கு. அப்புறம் மயக்கம் குடுத்து ஊசியாலயே உறிஞ்சி எடுத்தாங்க. இவ வீட்டுக்காரரோட விந்தைச் சேர்த்து லேப்ல அஞ்சு நாள் வெச்சிருந்தாங்க. எனக்கு அதுக்குள்ள மாத்திரை, உள்ளே மெத்தை மாதிரி தயாராகணுமாமே, அதுக்கு. அப்புறம் ஒரு மெல்லிசு குழாய்ல எடுத்து உள்ள விட்டாங்க. அஞ்சு நிமிஷம். எந்திரிச்சு பஸ் புடிச்சு வேலைக்குப் போயிட்டேன்."

"ஒரே தடவையில தங்கிடுச்சா?"

"மூணாவது தடவை" என்றாள் நாத்தனார். முதல் இரண்டு தடவையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அக்காவும் அதிசயமாக அதைக் கேட்கவில்லை.

"அப்போ குழந்தைக்கு உங்க ஜாடை கொஞ்சம்கூட வராதா?" என்று அண்ணியைக் கேட்டார்.

"எங்கேருந்துக்கா வரும்? என் ரத்தம் ஓடிச்சு, சாப்பாடு போச்சு. விதை எல்லாம் இவங்களுது. மூக்கைப் பாருங்க, அப்படியே இவ வீட்டுக்காரர் மூக்கு. பாவம்."

"வாடகைத்தாய்னு பேப்பர்ல படிச்சிருக்கேன். நேர்ல இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

"வாடகையா? ஒரு வேளை காபிகூட வாங்கித் தரலக்கா இவ" என்று அண்ணி நாத்தனாரை இடித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. குழந்தை அவள் கையில் நெளிந்து கத்திக்கொண்டே இருந்தது. தோளில் போட்டாள், மடியில் போட்டாள், நடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி கையை நீட்டினாள். நாத்தனார் கொடுக்கவில்லை.

அப்போது பின்னால் யாரோ ஜெராக்ஸ் மெஷினைப் போட்டார்கள். எங்கள் மெஷின் கிழடு. கடகடவென்று தரையே அதிரும். குழந்தை சட்டென்று வாயை மூடிக்கொண்டது. கண்ணை அகல விழித்து எங்கேயோ பார்த்தது. மெஷின் நின்றது, குழந்தை மறுபடி ஆரம்பித்தது. அக்கா உடனே ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போய் இருபது பிரதி போடச் சொன்னார். அரசாங்கக் காகிதம்! இருபது வெள்ளைத் தாள் வெளியே வந்து விழுகிற வரைக்கும் அலுவலகத்தில் அமைதி. ஏன் என்று அக்கா கேட்டார். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

எங்கள் சட்டப்படி பெற்றெடுத்தவள் தாய். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்து, கணவனும் இதற்குச் சம்மதித்திருந்தால் அவன் தகப்பன். ஆறு வாரம் கழித்து, பெற்றவள் மனதாரச் சம்மதம் கொடுத்த பிறகு, விதை கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போகலாம். கோர்ட் ஆணை கொடுத்தால் நாங்கள் புதுப் பதிவு போடுவோம். குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும். இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும்.

"அப்போ பேப்பர்படி உங்க அண்ணன்தான் குழந்தைக்கு அப்பா" என்று அக்கா நாத்தனாரிடம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "அண்ணி அம்மா. உங்க பொண்ணுக்கு நீங்களே அத்தை!"

"எங்க வீட்டுலயும் அதே குழப்பம்தான்" என்றாள் அண்ணி. "எம் பொண்ணு கேக்கறா, இது எனக்குத் தங்கச்சியா அத்தை பொண்ணான்னு. தெளிவா ஒண்ணு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி சண்டை போடறேங்கறா."

எல்லாரும் சிரித்தோம். சிரிப்புக்கு நடுவில் கை வேலையை முடித்துவிட்டது. அண்ணி கையெழுத்துப் போட்டாள், யாரும் எதையும் படித்துப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வரிசையில் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அக்காவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு நோட்டு வாங்கினார். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எந்த நாட்டில் என்ன சட்டம் என்று தேட ஆரம்பித்தார். பதிவேட்டு விவரத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து வேலைக்கு வந்த கை அல்லவா, நாடுகளின் பெயரைக்கூட நோட்டில் எழுத மனம் வரவில்லை. பட்டப்பெயர்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் ஓட்டை வழியாக ஒரு நாடு வரும்.

"இது 'முன்னாடியே நாடு'. குழந்தை வயித்துல இருக்கும்போதே கோர்ட் சொல்லிடுது, இவங்கதான் அப்பா அம்மான்னு. பிறந்த உடனே அவங்க பேர்லயே சான்று. சுமந்தவ பேரு எங்கயுமே வராது. பணமும் வாங்கலாம், ஒப்பந்தம் போட்டுக்கலாம்."

"நல்லா இருக்கே."

"என்ன நல்லா இருக்கு? சுமந்தவளைக் குழந்தை தேடினா எங்க போய்த் தேடும்?"

மறுநாள் 'வாசல் சாத்திய நாடு' வந்தது. அங்கே இந்த முறையே கூடாது. டாக்டர் செய்தால் குற்றம். அதே வாசலில் பூட்டும் போட்ட நாடு ஒன்று. தன் குடிமக்கள் வெளிநாடு போய்ச் செய்துகொண்டு வந்தாலும் பிடிக்கும். இன்னொன்று 'கமிட்டி நாடு'. கருவை உள்ளே வைப்பதற்கு முன்பே எல்லாரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு அனுமதி கொடுப்பார்கள். "எனக்கு அங்க வேலை கெடைச்சா எப்படி இருக்கும்!" என்று அக்கா ஏங்கினார். பிறகு, கல்யாணமான தம்பதிக்கு மட்டும்தான், சுமப்பவளுக்குச் சொந்தக் குழந்தை இருக்கவேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான், காசுப் பேச்சே கூடாது என்று கறாராகச் சொல்லும் நாடு. பக்கத்திலேயே, சட்டமென்று எதுவுமே எழுதாத நாடு. அங்கே டாக்டரே சட்டம்.

"ஏன்க்கா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி?" என்று நான் கேட்டேன்.

"எல்லாருக்கும் பயம்தான். ஏழைப் பொண்ணை வாங்கிடுவாங்களோன்னு ஒரு நாட்டுக்குப் பயம். குழந்தை நடுத்தெருவுல நிக்குமோன்னு ஒரு நாட்டுக்குப் பயம். அந்தந்தப் பயத்துக்குத் தகுந்த சட்டம்" என்றார். இத்தனை வருடத்தில் அவர் பதில் சொல்லி நான் வாயடைத்துப்போனது அன்று ஒருநாள்தான்.

நாத்தனாரின் கணவர் ஊர் வாசல் சாத்திய வகை. அங்கே இந்த முறைக்கு இடமில்லை. ஆனால் வேறு நாட்டுக் கோர்ட் முறையாக ஆணை போட்டிருந்தால் அதை மதிப்பார்கள். நாத்தனார் இங்கே பிறந்தவள், இன்னும் எங்கள் குடிமகள். ஆகையால் எங்கள் கோர்ட் அவள் மனுவை எடுக்கும். எல்லாம் ஒரே ஒரு ஆணையில் தொங்கியது. அக்கா இதையும் நோட்டில் எழுதி, பக்கத்தின் மிச்ச இடத்துக்குக் கோடு போட்டிருந்தார்.

குழந்தைக்கு ஒன்பது வாரம் ஆனபோது நாத்தனார் தனியாக வந்தாள். கையில் எங்கள் அலுவலக முத்திரை போட்ட பதிவேட்டு நகல். வரிசையில் நிற்கவில்லை. நேராகச் சன்னலில் அதை அறைந்தாள்.

"நாங்க உங்ககிட்ட என்னக்கா சொல்லல? முட்டையிலேருந்து மூக்கு வரைக்கும் சொன்னோமே! கோர்ட்ல என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்க!"

நகலில் பத்தொன்பதாம் கட்டம். 'அறிவிப்பவர் கூறும் பிற விவரம்.' அதில் ஒரு கோடு. நுனியில் கொசு அளவுக்குக் கையெழுத்து.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. குழந்தை இந்த முறையில் பிறந்திருந்தால் அதைப் பத்தொன்பதாம் கட்டத்தில் எழுதவேண்டும், பின்னால் வரும் கோர்ட் ஆணை எண்ணுக்கும் இடம் விடவேண்டும். நாங்கள் எல்லாரும் படித்தோம், கையெழுத்துப் போட்டோம், ஃபைலில் போட்டோம். எங்கள் ஊரில் அப்படி ஒரு குழந்தை அதுவரை வந்ததில்லை. அக்காவும் படித்தார். ஆனால் அன்று வாய் கேட்டுக்கொண்டிருந்தது, கைக்குச் சுற்றறிக்கை தெரியாது. கோடு போட்ட கட்டத்துக்குச் சட்டத்தில் அர்த்தம் உண்டு. 'சொல்ல எதுவும் இல்லை என்று அறிவிப்பவர் உறுதி கூறினார்.'

கோர்ட் கேட்டது நியாயமான கேள்விதான். பன்னிரண்டாம் நாள் சொல்ல எதுவும் இல்லை என்றவர்கள், ஒன்பதாம் வாரம் வந்து இது எங்கள் குழந்தை, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்றால் என்ன நினைப்பார்கள்? அண்ணி பெற்ற பிள்ளையை நாத்தனாருக்குத் தள்ளிவிடுகிறார்களோ? மருத்துவச் சான்றெல்லாம் பின்னால் தயாரித்ததோ? மனுவைத் தள்ளிவிட்டு விசாரணைக்கு அனுப்பப்போவதாக நீதிபதி சொல்லியிருந்தார். மரபணுச் சோதனையெல்லாம் சேர்த்து விசாரணை முடிய ஐந்து மாதமாவது ஆகும். புது மனு போடுவதற்குள் ஆறு மாதக் கெடு தாண்டிவிடும். அதற்குப் பிறகு நாத்தனார் காலம் முழுக்கத் தன் மகளுக்கு அத்தைதான். அடுத்த வாய்தாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவளுடைய விடுமுறை அதற்கு மறுநாள் முடிகிறது.

"நான் தப்பே பண்ண மாட்டேன்" என்றார் அக்கா. எழுந்து போய்ப் பதிவேட்டை இறக்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து, கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். தூசியாக இருந்தால் துடைத்துவிடலாம் என்பதுபோல ஒருமுறை தேய்த்தும் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவர் வாயில் கேள்வி இல்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

பதிவாளர் சார் அக்காவை உள்ளே கூப்பிட்டார். என் காதைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

"அவங்க சொல்லல, நீங்க எழுதல. அவ்வளவுதான். கோர்ட்ல போய் 'நானா போட்ட கோடு'ன்னு சொன்னீங்கன்னா என்ன ஆகும் தெரியுமா? இருபத்திரண்டு வருஷமா போட்ட ஒவ்வொரு கோட்டையும் கேட்பாங்க. இது கேட்டுப் போட்டதா, கேக்காம போட்டதான்னு. பேசாம இருங்கம்மா."

அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்தார். மறைக்க விரும்பவில்லை, நானும் அதையேதான் சொன்னேன். "சார் சொல்றது சரிதான்க்கா. அவங்க ஏதாவது வழி பார்த்துப்பாங்க" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் ஓட்டை வழியாக எந்த நாடும் வரவில்லை, ஒரு பிஸ்கட்கூட வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஒரு தாள் வந்தது. சாட்சி சொல்லப்போவதாக எழுதிய விடுப்பு விண்ணப்பம்.

"நீயும் வர்றியா? எனக்குக் கோர்ட் பழக்கமில்ல" என்றார்.

நானும் விடுப்புப் போட்டேன். கோர்ட்டில் சாட்சிகள் முதலில் ஒரு தாளை நிரப்பித் தரவேண்டும். பெயர், வயது, தொழில், கட்சிக்காரர்களுக்கு என்ன உறவு, இப்படிப் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள். அக்கா தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினார். எதிரே நாத்தனார் அண்ணியோடு உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை கத்திக்கொண்டிருந்தது. "இந்தச் சத்தத்துக்கு நம்ம மெஷின்தான் சரி" என்று அக்கா முணுமுணுத்தார். கை எழுதிக்கொண்டிருந்தது. தாளை வாங்கிக்கொண்டு போனார்கள்.

நீதிபதி வயதான அம்மாள். மூக்கு நுனியில் கண்ணாடி. அக்கா கூண்டில் ஏறி, நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். ஜெராக்ஸைக்கூட விடவில்லை.

"இவ்வளவு கேட்டிருக்கீங்க. மூக்கு ஜாடை வரைக்கும் கேட்டிருக்கீங்க. பத்தொன்பதாம் கட்டத்துக்கு உண்டான கேள்வியைக் கேட்டீங்களா?"

"கேக்கலம்மா."

"அவங்க சொல்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களா?"

"சொல்லலம்மா. நானாப் போட்ட கோடு."

"இருபத்திரண்டு வருஷம் ஒரு பிழையும் இல்லாத ஊழியர்னு உங்க அலுவலகமே சான்று குடுத்திருக்கு. இந்த ஒரு இடத்துல மட்டும் கேக்காம கோடு போட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது? இவங்க மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்களோ?"

கேட்காத கேள்விக்கு எங்கே போய் அத்தாட்சி தேடுவது? நாத்தனார் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நீதிபதி பேனாவை எடுத்து, அக்கா நிரப்பிய சாட்சித் தாளை இழுத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"இது யாரு போட்டது?"

"எதும்மா?"

"கடைசிக் கட்டம். 'சாட்சி கூற விரும்பும் பிற விவரம்.' கோடு போட்டு, கையெழுத்தும் போட்டிருக்கு."

அக்கா கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சொல்ல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் இங்க வந்து அரை மணி நேரமா சொல்லிக்கிட்டிருக்கீங்களா?"

முதலில் சிரித்தது வக்கீல்தான். பிறகு அறை முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இருபத்திரண்டு வருடமாகப் பெருமையாகப் பிடித்திருந்த ஸ்கேல் எல்லார் முன்னாலும் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. நாத்தனாரைக் காப்பாற்றியதும் அதுதான். நீதிபதி சாட்சித் தாளைப் பதிவேட்டு நகலின் பக்கத்தில் வைத்து இரண்டு கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே சாய்வு, ஒரே கொசு. "இந்தக் கோட்டுக்கு இவங்க கை மட்டும்தான் பொறுப்பு, மனுதாரர் இல்ல" என்று எழுதச் சொன்னார். அண்ணியை எழுந்து நிற்கச் சொல்லி, மனதாரத்தான் தருகிறாயா என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் அண்ணி, "அவ பொண்ணு, அவ எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றாள். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் உடைந்தது. அன்று மாலைக்குள் ஆணை வந்துவிட்டது.

மறுநாள் காலையே வந்துவிட்டார்கள். மாலையில் நாத்தனாருக்குப் பயணம். அக்கா புதுப் பதிவேட்டில் புதிதாக எழுதினார். தாய் என்ற கட்டத்தில் நாத்தனாரின் பெயர். அவள் அதைச் சன்னல் வழியாகத் தலைகீழாகவே படித்தாள், இரண்டு தடவை படித்தாள். பழைய பதிவை மூடி முத்திரை வைத்துவிடவேண்டும். யாருக்கும் நகல் கிடையாது. குழந்தைக்குப் பதினெட்டு வயதானதும் அவள் கேட்டால் மட்டும் திறந்து காட்டலாம்.

"அப்போ நான் அந்த மூடின புஸ்தகத்துல இருப்பேனா?" என்றாள் அண்ணி.

"இருப்பீங்க. இவ வந்து கேட்டா."

மூடுவதற்கு முன்னால் பத்தொன்பதாம் கட்டத்தைத் திருத்தவேண்டும். அக்கா கோட்டுக்கு மேலே சிவப்பு மையில் எழுதினார். 'வாடகைத்தாய் முறை.' அதன் கீழே ஆணை எண். கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. அக்கா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

இருவரும் விழித்தார்கள். அதற்குள் குழந்தை ஆரம்பித்துவிட்டது. நாத்தனாருக்கு முகமெல்லாம் களைப்பு. "ராத்திரி பகல் இப்படித்தான் அழறா. அங்க போய்த் தனியா என்ன பண்ணப் போறேன்னே தெரியல" என்றாள். நான் எழுந்து போய் ஜெராக்ஸ் மெஷினைப் போட்டேன். கடகடவென்று தரை அதிர்ந்தது. குழந்தை அடங்கியது. அண்ணி மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது எங்க லாண்டரி மெஷின் சத்தம்" என்றாள் மெதுவாக. "துணி எடுக்கறப்போ அத்தனை மாசமும் வயித்தை அதுமேல சாச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். உள்ள உதைச்சுக்கிட்டே இருப்பா. மெஷின் சுத்த ஆரம்பிச்சா கப்சிப்னு ஆயிடுவா. இத்தனை நாளா எனக்குத் தோணவே இல்லையே!" பிறகு நாத்தனாரின் பக்கம் திரும்பினாள். "அழுதாள்னா வாஷிங் மெஷின் பக்கத்துல கொண்டுபோய்ப் படுக்க வை. தூங்கிடுவா."

நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை. பிறகு, முதல் தடவையாக, தானாகவே குழந்தையை அண்ணியிடம் நீட்டினாள்.

குழந்தையை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அண்ணி அக்காவைக் கேட்டாள். "இதை அங்க எழுத முடியுமாக்கா? இல்ல, இதெல்லாம் எழுத மாட்டீங்களா?"

அந்தக் கட்டம் இதற்கெல்லாம் இல்லை. எனக்குத் தெரியும், அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அக்கா குனிந்தார். பொடி எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். 'லாண்டரி மெஷின் சுற்றும்போது வயிற்றுக்குள் அமைதியாக இருப்பாள் என்று, சுமந்தவர் கூறினார்.'

அதற்குக் கீழேயும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை இருந்தது. நான் பழக்க தோஷத்தில் ஓட்டை வழியாக ஸ்கேலை நீட்டினேன். அக்கா அதை என் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டார்.